ஏழு பேர், ஒரு ரகசியம்: க்ரைம் எழுதுகிறவர்கள் ஆன்லைனில் எங்கே கூடுவது?

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வியாசர்பாடித் தம்பி தன் நாவலின் கடைசி அத்தியாயத்தைப் போட்டான். எட்டு மாதம் எழுதியது. முடித்த சந்தோஷத்தில் உடனே காட்டிவிட்டான். பத்து நிமிடம் கழித்துப் பெரம்பூர் சார் பதில் போட்டார்: "மச்சான்காரன்தான் செஞ்சிருப்பான்னு நான் நினைக்கவே இல்ல தம்பி, அருமை!" மனதாரப் பாராட்டித்தான் எழுதினார். ஆனால் அத்தியாயத்தை இன்னும் திறக்காத ஐந்து பேரின் போன் திரையிலும் அந்த வரி நோட்டிஃபிகேஷனாக வந்து நின்றது. நான் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு படித்தேன். சார் பதறிப்போய் டெலீட் செய்தார். அதற்குள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

தம்பி கோபப்படவில்லை. மறுநாள் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "இனிமே யாரு அக்கா இதை முடிவு தெரியாம படிச்சு சொல்லப் போறாங்க?"

அதற்குப் பதில் தேடித்தான் ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்தோம். வாட்ஸ்அப், டெலிகிராம், கூகுள் மீட், கூகுள் டாக்ஸ் என்று நாலும் பார்த்தாயிற்று. நாலு பேர் சேர்ந்து க்ரைம் எழுதுகிற குழு உங்களுக்கும் இருந்தால் எங்கள் அனுபவம் உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஏழு பேர். நான் தண்டையார்பேட்டை, துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் பார்க்கும் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வியாசர்பாடித் தம்பி மொபைல் சர்வீஸ் கடை. பெரம்பூர் சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காசிமேட்டு அண்ணன் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். திருவொற்றியூர் அக்கா பள்ளிக்கூட டீச்சர். எர்ணாவூர்த் தங்கச்சி நர்ஸ். மணலித் தம்பிக்கு ஷிஃப்ட் வேலை. எல்லோரும் பக்கத்துப் பக்கத்து ஏரியாதானே, நேரிலேயே உட்கார்ந்து பேசலாமே என்று கேட்பார்கள். 2021 பிப்ரவரியில் இருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோவும் ஓடுகிறது. ஆனால் அண்ணன் கடலுக்குப் போகும் நேரத்தில்தான் மணலித் தம்பி ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போவான். தங்கச்சிக்கு வாரம் மாற்றி வாரம் நைட் டியூட்டி. ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்தது இரண்டே தடவை. ஆன்லைன் இல்லையென்றால் இந்தக் குழுவே கிடையாது.

கவிதை எழுதுகிறவர்களுக்கோ குடும்பக் கதை எழுதுகிறவர்களுக்கோ எங்கே கூடுவது என்பது இவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. ஒரு கவிதையை ஒரே ஆள் பத்துத் தடவை படித்துப் பத்துத் தடவையும் கருத்துச் சொல்லலாம். துப்பறியும் கதைக்கு அது நடக்காது. க்ளூ கண்ணில் பட்டதா, சந்தேகம் சரியான ஆள் மேல் திரும்பியதா, முடிவு வரும்போது 'அட, இதை முன்னாடியே சொன்னாங்களே' என்று தோன்றியதா, இதையெல்லாம் கொலையாளி யார் என்று தெரியாதவர்தான் சொல்ல முடியும். அப்படி ஒருவர் ஒரு கதைக்கு ஒரே ஒரு தடவைதான் பயன்படுவார். ஏழு பேர் குழுவில் என் கதைக்கு ஆறு முதல் வாசகர்கள் இருக்கிறார்கள். ஒரு வரைவுக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் ஆறு வரைவு வரைக்கும் தாங்கும். குழுவில் மொத்தமாகப் போட்டால் ஆறு பேரும் ஒரே ராத்திரியில் தீர்ந்துபோவார்கள். தம்பிக்கு அதுதான் நடந்தது.

இது புதிய கவலையும் இல்லை. லண்டனில் 1930இல் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சேர்ந்து டிடெக்‌ஷன் கிளப் என்று ஒன்று தொடங்கினார்கள். மறு வருஷமே உறுப்பினர்கள் பலர் ஆளுக்கொரு அத்தியாயம் என்று ஒரே நாவலைச் சேர்ந்து எழுதினார்கள். அதில் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் அத்தியாயத்தோடு, தன் கணக்கில் கொலையாளி யார், எப்படி என்பதைத் தனியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்து எழுத வருகிறவருக்கு அதைக் காட்ட மாட்டார்கள். புத்தகத்தின் கடைசியில்தான் அந்தத் தீர்வுகளை எல்லாம் அச்சடித்தார்கள். கூடி எழுதும்போதும் யாருக்கு எது தெரியலாம் என்பதில் அவ்வளவு கறாராக இருந்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் நாங்கள் எவ்வளவு அலட்சியமாக இருந்திருக்கிறோம் என்று எனக்கு உறைத்தது.

இனி ஒவ்வொன்றாக.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி இவ்வளவு சொன்னதால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு விஷயத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை: தகவல் கேட்பது. என் கதை ஒன்றில் மே மாதம் கடலில் மிதக்கும் உடலை ஒரு விசைப்படகுக்காரர் பார்க்கிறார் என்று எழுதியிருந்தேன். கதையைப் போடவில்லை, சும்மா ஒரு சந்தேகமாக, மே மாதம் விசைப்படகில் உடலை ஏற்றினால் முதலில் யாருக்குத் தகவல் சொல்வார்கள் என்று குழுவில் கேட்டேன். காசிமேட்டு அண்ணன் கரையில் இருந்தே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், பின்னால் காற்றுச் சத்தம்: "எந்த மாசம்மா? மே மாசமா? தடைக்காலத்துல லாஞ்சு ஏதுமா? அல்லாம் ஆர்பர்ல கட்டிக் கெடக்கும். பாத்தா ஃபைபர்காரன்தான் பாப்பான், அதுவும் கரையோரமா." ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. பிறந்ததில் இருந்து காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், தடைக்காலத்தில் மீன் விலை ஏறுவதற்குப் புலம்பியும் இருக்கிறேன். ஆனால் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. அந்த ஒரு பதிலால் என் கதையின் நாலு அத்தியாயம் மாறிவிட்டது. நல்லதாகத்தான் மாறியது. விசைப்படகு போகாத மாதத்தில் உடல் எப்படி அவ்வளவு தூரம் போனது என்பதே துப்பறிகிறவரின் முதல் கேள்வி ஆகிவிட்டது.

இப்படி எத்தனையோ. சட்டம் மாறியதில் எல்லோருமே தடுக்கி விழுந்தோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்பது நம் நாக்கிலேயே ஊறிப்போன எண். இப்போது அது 103. குற்றம் எந்தத் தேதியில் நடந்தது என்பதுதான் கணக்கு. ஆகையால் 2023இல் நடக்கிற கதைக்கு 302 சரி, 2025இல் நடக்கிற கதைக்குத் தப்பு. அதோடு குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மாறியதால், சந்தேக மரணத்தில் ஸ்டேஷனில் போடுகிற 174உம் இப்போது 194. மணலித் தம்பி இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறான். அதை எத்தனை தடவை தேடிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எர்ணாவூர்த் தங்கச்சி சொன்ன ஒன்று இன்னும் முக்கியம். வெளிநாட்டுக் கதைகளைப் படித்துப் படித்து, உடல் சில்லிட்டிருந்ததை வைத்து இறந்த நேரத்தைக் கணக்கிடுகிறார் டாக்டர் என்று நாம் பாட்டுக்கு எழுதிவிடுகிறோம். அக்னி நட்சத்திரத்தில், தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் கிடக்கிற உடல் எப்படிச் சில்லிடும்? உயிரோடு இருக்கிற உடம்பின் சூடே 37 டிகிரி. சுற்றி இருக்கிற காற்று அதைவிடச் சூடாக இருந்தால் அந்தக் கணக்கே நிற்காது. விறைப்பும் வெயிலில் சீக்கிரம் வந்து சீக்கிரம் விட்டுவிடும். அப்புறம் ராத்திரியில் போஸ்ட்மார்ட்டம். சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் அனுமதித்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணங்களுக்கு அது பொருந்தாது. சட்டம் ஒழுங்குக் காரணம் இருந்தால்தான் விதிவிலக்கு. க்ரைம் கதையில் வருகிற உடல் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். என் பழைய கதை ஒன்றில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ராத்திரி ஒன்பது மணிக்குப் போஸ்ட்மார்ட்டம் நடக்கும். அதைத் திருத்த இனி வழியில்லை, அச்சாகிவிட்டது. தங்கச்சி அப்போதே குழுவில் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

இந்த மாதிரிக் கேள்விக்கு வாட்ஸ்அப்தான் சரி. எல்லோர் போனிலும் இருக்கிறது, வேலைக்கு நடுவில் ஒரு கை விரலால் பதில் போடலாம், டைப் செய்ய நேரமில்லை என்றால் பேசி அனுப்பலாம். காசிமேட்டு அண்ணன் தன் கதைகளையே வாய்ஸ் மெசேஜாகத்தான் சொல்கிறார், நான் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். ஆதரவு என்ற விஷயமும் அங்கேதான் நடக்கிறது. ஒரு பத்திரிகை கதையைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு ஒருவர் போட்டால் போதும், ஆறு பேரும் வந்துவிடுகிறார்கள். மணலித் தம்பி நாலு மாதம் ஒரு வரி எழுதாமல் இருந்தபோது தினமும் ராத்திரி திருவொற்றியூர் அக்கா, "இன்னிக்கு ஒரு பத்தியாவது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் திரும்ப எழுதினான். கதையை அங்கே போடாமல் இருந்தால் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சரி, ஒரு குறை உண்டு: குழுவில் சேர்கிற எல்லோருக்கும் நம் போன் நம்பர் தெரிந்துவிடும். ஏழு பேர் தெரிந்தவர்கள் என்றால் பரவாயில்லை. அறிமுகமில்லாதவர்களைச் சேர்க்கிற பெரிய குழுவில் பெண்கள் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும்.

டெலிகிராமுக்கு நான்தான் கொடி பிடித்தேன். க்ரைம் எழுதுகிறவர்களுக்கென்றே செய்தது போல அதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து 'ஸ்பாய்லர்' என்று கொடுத்தால் அது புள்ளி புள்ளியாக மறைந்துகொள்ளும், தட்டினால்தான் தெரியும். பெரம்பூர் சார் அன்றைக்கு டெலிகிராமில் எழுதி இப்படி மறைத்திருந்தால் தம்பியின் முடிவு தப்பித்திருக்கும். போன் நம்பரை மறைக்கலாம், பழைய மெசேஜைத் தேடுவது சுலபம், 'சட்டம்', 'மருத்துவம்', 'வட்டார வழக்கு' என்று ஒரே குழுவுக்குள் தலைப்புத் தலைப்பாகப் பிரித்தும் வைக்கலாம். பாதுகாப்பில் மட்டும் ஒரு வித்தியாசம்: வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டு இருக்கிறது, டெலிகிராமின் சாதாரணக் குழுவில் அந்தப் பூட்டு இல்லை. டிஸ்கார்ட் என்ற ஆப்பிலும் இதே மாதிரி மறைக்கிற வசதி உண்டு. ஆனால் எங்களில் அதைத் திறந்து பார்த்தவன் வியாசர்பாடித் தம்பி ஒருவன்தான், அதனால் அதை நாங்கள் பரிசீலிக்கவே இல்லை.

மூன்று வாரம் டெலிகிராமில் இருந்தோம். காசிமேட்டு அண்ணனும் திருவொற்றியூர் அக்காவும் ஒரு நாள் கூட அந்தப் பக்கம் வரவில்லை. அவர்களுக்கு வாட்ஸ்அப் பழகிவிட்டது; இன்னொரு ஆப், இன்னொரு சத்தம் என்றால் பார்க்க மாட்டார்கள். அவர்கள் இல்லாமல் கடலைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை, தினமும் 'ஒரு பத்தியாவது?' என்று கேட்கவும் ஆள் இல்லை. வசதியில் டெலிகிராம்தான் மேல் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அண்ணன் இல்லாத இடத்தில் எனக்கு வேலையில்லை. பதினைந்து இருபது பேருக்கு மேல் இருக்கிற, எல்லோரும் இளவட்டமான குழு என்றால் கண்ணை மூடிக்கொண்டு டெலிகிராமுக்குப் போங்கள்.

கூகுள் மீட்டில் வாசிப்பது பெரம்பூர் சாரின் யோசனை. மாதம் ஒரு ஞாயிறு, ராத்திரி எட்டரை மணி. இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம். ஜூமில் 40 நிமிடம்தான், அதனால் மீட். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு அத்தியாயம் வாசித்துப் பேசலாம்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. வடசென்னையில் நடக்கிற கதைகளில் வசனம் எங்கே பொய்யாக இருக்கிறது என்று காதில் கேட்டால் உடனே தெரிந்துவிடுகிறது. சினிமா பார்த்து எழுதிய 'இன்னாபா' எது, எங்கள் தெருவில் ஒரு அம்மா நிஜமாகப் பேசுவது எது என்று கண்ணை விடக் காதுக்கு நன்றாகத் தெரியும். ஒரு அத்தியாயத்தில் கான்ஸ்டபிள் ஒருவர் வியாசர்பாடிப் பையனை நிறுத்தி விசாரிக்கிற காட்சி. எழுதியது திருவொற்றியூர் அக்கா, வாசித்தது வியாசர்பாடித் தம்பி. பாதியில் நிறுத்தினான். "அக்கா, எங்களை நிறுத்தினா நாங்க இவ்ளோ பேச மாட்டோம். பேசினா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும்" என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்கா அந்தக் காட்சியில் அவன் வசனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கேள்விகளை மட்டும் வைத்துத் திரும்ப எழுதினார். நாங்கள் ஏழு பேரும் எழுதியதில் அதைவிட நல்ல காட்சி இல்லை என்பேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வடசென்னை என்றாலே அரிவாள், கஞ்சா, கேங் என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. இங்கே வாழ்கிற நாங்களும் க்ரைம்தான் எழுதுகிறோம், குற்றம் நடப்பதை மறைக்கவில்லை. ஆனால் எங்கள் கதையில் கொலையைப் பார்த்துப் பதறுகிறவர்களும் இந்தத் தெருக்காரர்கள், கண்டுபிடிக்கிறவரும் இந்தத் தெருக்காரர். இருபதாயிரம் பேர் இருக்கிற ஃபேஸ்புக் குழு ஒன்றில் என் கதையைப் போட்டபோது வந்த முதல் கேள்வியே, "வியாசர்பாடில நடக்குது, ஒரு ரவுடி கூட இல்லையே, நம்புற மாதிரி இல்ல" என்பதுதான். பெரிய குழுவில் வாசகர் கிடைப்பார்கள், உண்மைதான். எழுதி முடித்து வெளியிட்ட பிறகு அங்கே போடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது போட்டால், அவர்கள் எதிர்பார்க்கிற வடசென்னையைத்தான் நம்மையும் அறியாமல் எழுதிக் கொடுப்போம். அதில் எனக்குச் சம்மதம் இல்லை.

மீட்டுக்குத் திரும்ப வருகிறேன். அதில் இரண்டு குறைகள். ஒன்று, எழுதியவரே வாசித்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். க்ளூ வருகிற வரியில் எல்லோருமே கொஞ்சம் நிதானமாகி, அழுத்தம் திருத்தமாகப் படிக்கிறோம். கேட்கிறவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிப்பது என்று மாற்றினோம். இரண்டாவதை மாற்ற முடியவில்லை: சத்தமாகப் பேச இடம் வேண்டும். ஒரே அறை உள்ள வீட்டில் பிள்ளைகள் தூங்கும்போது கழுத்தை நெரிக்கிற காட்சியை எப்படி வாசிப்பது? எர்ணாவூர்த் தங்கச்சி மொட்டை மாடிக்குப் போய்த்தான் கலந்துகொள்கிறாள், மழை என்றால் அதுவும் இல்லை. அதோடு மீட்டிலும் ஆறு பேர் ஒன்றாகக் கேட்கிறார்கள். முடிவு அத்தியாயத்தை அங்கே வாசித்தால் வாட்ஸ்அப்பில் நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

கடைசியாகச் சங்கிலி. கூகுள் டாக்ஸில், ஒருவர் எழுதியதை ஒருவர் மட்டும் படிப்பது. தமிழில் இரண்டு பேர் ஒரே பெயரில் எழுதிய 'சுபா'வை எல்லோருக்கும் தெரியும், அந்த நினைப்பில் முதலில் ஜோடி ஜோடியாகத்தான் பிரிந்தோம். ஏழு பேரில் ஒருவர் மிஞ்சினார். அதைவிட மோசம், ஜோடியில் தயவு தாட்சணியம் வந்துவிட்டது. நான் அக்காவின் கதையைப் படிக்கிறேன், அக்கா என் கதையைப் படிக்கிறார். அவர் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டால் நான் எப்படி 'முப்பதாம் பக்கத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன்' என்று சொல்வேன்? அதனால் வட்டமாக்கினோம். நான் எழுதுவதை மணலித் தம்பி படிப்பான், அவன் எழுதுவதைத் தங்கச்சி படிப்பாள், அவள் எழுதுவதைச் சார் படிப்பார். ஒரே சுற்றில் யாரும் தன்னைப் படித்தவரைத் திரும்பப் படிப்பதில்லை. அடுத்த சுற்றில் ஒரு ஆள் தள்ளிப் போகும். ஆறு சுற்றில் எல்லோரும் எல்லோரையும் ஒரு தடவை படித்துவிடுவார்கள்.

செய்முறை இதுதான். கதையின் முதல் முக்கால் பங்கை மட்டும் ஒரு டாக்ஸில் போட்டு, அந்த ஒருவரின் மெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுப்போம். 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்பதைத் தொடவே கூடாது. அந்த லிங்க் எங்கே போகும் என்று நம் கையில் இல்லை. படிக்கிறவர் திருத்தத்தை 'சஜெஸ்டிங்' முறையில் போடுவார், அதனால் மூல வரி அழியாது. சந்தேகம் எந்த வரியில் யார் மேல் வந்தது என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டே வருவார். முக்கால் பங்கு முடிந்ததும் அவர் கணக்கில் கொலையாளி யார், ஏன் என்று எழுதியவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். அது வந்த பிறகுதான் மீதிக் கால் பங்கு போகும். அந்த வாய்ஸ் மெசேஜுக்காகக் காத்திருக்கிற ராத்திரி இருக்கிறதே, பரீட்சை ரிசல்ட்டுக்குக் கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. என் கதைக்கு மணலித் தம்பி ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு அனுப்பினான். கொலையாளியைத் தப்பாகச் சொன்னான், ஆனால் நான் கவனிக்காமல் விட்ட ஒரு சாவியைப் பற்றி மூன்று நிமிடம் பேசினான். கதையில் அந்தச் சாவியைப் பற்றிப் பிறகு எங்கேயும் நான் எழுதவே இல்லை. வேறு எந்த முறையிலும் அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதில் சிரமம் இல்லாமல் இல்லை. ஒரு ஆள் தாமதித்தால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும். அதனால் மூன்று வாரம் என்று கெடு வைத்தோம். திருவொற்றியூர் அக்கா பல வருஷமாகப் பாமினி எழுத்துருவில் டைப் செய்கிறவர், மற்றவர்கள் போனில் திறந்தால் வெறும் குப்பை எழுத்தாகத் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தோம், இப்போது நேராக யூனிகோடிலேயே அடிக்கிறார். அண்ணனுக்கு டாக்ஸ் வராது. அவர் முறை வரும்போது நான் போனில் படித்துக் காட்டுகிறேன். அதற்காக நான் ஒரு முதல் வாசகி இடத்தை இழக்கிறேன், அது நஷ்டம்தான். ஆனால் கடலும் கரையும் தெரிந்த ஒருவர் முடிவு தெரியாமல் கேட்பது அதைவிடப் பெரிய லாபம்.

திருட்டுப் பயத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எழுதிய நொடியிலேயே காப்புரிமை நமக்கு வந்துவிடுகிறது, 1957ஆம் வருஷச் சட்டம் அதற்குப் பதிவு கேட்கவில்லை. வேண்டுமானால் 500 ரூபாய் கட்டிப் பதிவும் செய்துகொள்ளலாம், தகராறு வந்தால் சாட்சியாக உதவும். ஆனால் அந்த உரிமை எழுதிய விதத்துக்குத்தான், ஐடியாவுக்குக் கிடையாது. உச்ச நீதிமன்றம் 1978லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. க்ரைம் கதையில் உயிரே ஐடியாதானே. பனிக்கட்டியால் எப்படிக் கதவைப் பூட்டினான் என்பதை ஒருவர் கேட்டுவிட்டு வேறு வார்த்தையில் எழுதினால் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆகவே எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் பாதுகாப்பு. சங்கிலியில் ஒருவருக்குத்தான் தெரியும், எந்தத் தேதியில் யாருக்கு அனுமதி கொடுத்தோம் என்ற தடயமும் இருக்கிறது. பெரிய குழுவில் இரண்டுமே இல்லை.

எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கதை படிப்பது சங்கிலியில் மட்டும். தகவல் கேட்பது, ஆறுதல், 'ஒரு பத்தியாவது?' எல்லாம் வாட்ஸ்அப்பில். அங்கே கதையின் ஒரு வரியும் வரக்கூடாது, பாராட்டும் வரக்கூடாது. கேள்வி கேட்கும்போதும் கதையைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்க வேண்டும். நிஜ வழக்கின் எஃப்ஐஆர் காப்பி, போட்டோ எதையும் போடக் கூடாது. அதில் பாதிக்கப்பட்டவர்களின் பெயர் இருக்கும், நம் கதைக்காக அது ஊர் சுற்றக் கூடாது. மீட் மாதம் ஒரு தடவை, முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் மட்டும், எழுதாதவர் வாசிப்பார். டெலிகிராம் வேண்டாம். நீங்கள் மூன்றே பேர் என்றால் சங்கிலிக்கு அவசியமில்லை, ஒரு வரைவுக்கு ஒருவர் என்று பேசி வைத்துக்கொண்டால் போதும். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் என்றால் முதலில் மீட்டில் இரண்டு மூன்று மாதம் குரலைக் கேட்டுப் பழகிவிட்டு அப்புறம் சங்கிலிக்கு வாருங்கள். முகம் தெரியாதவரிடம் முக்கால் நாவலைக் கொடுக்க மனசு வராது.

வியாசர்பாடித் தம்பி அந்த நாவலைக் கைவிடவில்லை. மூன்று மாதம் எடுத்துத் திரும்ப எழுதியிருக்கிறான். எங்கள் ஆறு பேருக்கும் மச்சான்காரன் மேல்தான் சந்தேகம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும், அதையே வைத்துக்கொண்டு கொலையாளியை மாற்றிவிட்டான். இந்தச் சுற்றில் அதைப் படிப்பது எர்ணாவூர்த் தங்கச்சி. போன வாரம் முக்கால் பங்கு முடித்து, நைட் டியூட்டிக்குப் போகிற வழியில் அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அவள் யார் பெயரைச் சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியாது. என் முறை இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் நான் கேட்க மாட்டேன்.